"நம்ம புது வீடு கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தெரியுமா?"

கேள்வி: கணவரின் வேலைக்காக ஐந்து மாதங்களுக்கு முன்பு குடும்பத்தோடு வெளிநாடு வந்தோம். மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்கு ஏழு. இங்கே எங்களுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். ஊரில் இருந்தவரை மாமியார் வீட்டில்தான் பண்டிகை. முப்பது பேருக்குக் குறையாமல் கூடுவோம். இங்கே நாங்கள் நாலு பேர்தான். மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மகள், "எனக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸே வேண்டாம்" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கணவருக்கு 24ஆம் தேதி இரவு வேலை. 25 காலையில் வந்து தூங்கத்தான் நேரம் இருக்கும். "இந்த வருஷம் விட்டுடலாம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்கிறார். வீடியோ காலில் மாமியார் அழுகிறார். எப்படியாவது ஊரில் நடந்த மாதிரியே நடத்திவிட வேண்டும் என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். முந்தாநாள் மகன், "அம்மா, நம்ம புது வீடு கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். நாங்கள் கொண்டாடுவதா, விட்டுவிடுவதா?

— பெயரும் நாடும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவையே ஏதோ ஒன்று உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. மூன்றாவது தடவை கையில் பென்சிலோடு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மகளுக்கு என்ன வருத்தம், மகன் என்ன கேட்டான், கணவர் என்ன சொன்னார், மாமியார் ஏன் அழுதார் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி எழுதியதெல்லாம் ஓடுவதும் ஒளிந்து அழுவதும்தான். நீங்கள் எதற்காக ஏங்குகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். அதுவரை மனதில் வைத்திருங்கள்.

நேராகக் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். கொண்டாடுங்கள். ஆனால் ஊரில் நடந்த மாதிரி நடத்த முயற்சி செய்யாதீர்கள். ஊர் கூடி இழுத்த தேரை நாலு பேர் இழுக்க முடியாது. அதில் இரண்டு பேர் குழந்தைகள், ஒருவர் இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வருபவர். அப்படியென்றால் வடம் முழுக்க உங்கள் ஒருத்தி கையில்தான் இருக்கிறது. அத்தனையும் செய்து முடித்து நீங்கள் நிமிரும்போது அங்கே முப்பது பேர் இருக்க மாட்டார்கள். எல்லாம் அச்சு அசலாக இருந்து ஆட்கள் மட்டும் இல்லாத வீடு, எதுவுமே செய்யாத வீட்டைவிடக் கூடுதலாக வலிக்கும். இந்த வேலையில் பல குடும்பங்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயும் நடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அடியோடு விட்டுவிடுவதும் சரியாக வராது. டிசம்பர் 25 எப்படியும் வந்து போகும். வெளியில் எங்கும் விளக்கு எரியும். உங்கள் மகனின் வகுப்பில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். "இந்த வருஷம் நமக்கு இல்லை" என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், "நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம், அதனால்தான் இல்லை" என்று அவன் எடுத்துக்கொள்வான். அந்த வயதுப் பிள்ளைகள் காரணம் தெரியாத எதையும் தங்கள் மேல் போட்டுக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் வீட்டில் நடப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கலாசார அதிர்ச்சி என்ற சொல்லைப் பரவலாக்கியவர் கலர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1960இல் வெளியான தன் கட்டுரையில், புது நாட்டுக்குப் போனவர்களுக்கு முதலில் எல்லாம் அழகாகத் தெரியும் ஒரு தேனிலவுக் காலம் உண்டு என்றார். சிலருக்கு அது சில நாள், சிலருக்கு ஆறு மாதம் வரைகூட இருக்கும். அப்புறம்தான் கசப்பு தொடங்கும். நீங்கள் போய் ஐந்து மாதம். வந்த புதிதில் சூட்கேஸ் பிரிக்கவும் பள்ளியில் சேர்க்கவும் வங்கிக் கணக்கு தொடங்கவுமே நேரம் சரியாக இருந்திருக்கும். அந்த ஓட்டம் எல்லாம் அடங்கி, "இனிமேல் இதுதானா நம் வாழ்க்கை?" என்று மனம் மெல்லத் திரும்பிப் பார்க்கிற நேரம் பார்த்து டிசம்பர் வந்து நிற்கிறது. உங்களிடமோ உங்கள் பிள்ளைகளிடமோ குறை எதுவும் இல்லை. காலம் அப்படி அமைந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு அவை தரும் அழுத்தத்தை வைத்து மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. வீடு மாறுவதற்கு 20. வாழும் சூழல் மாறுவதற்கு 25. சபை சார்ந்த ஈடுபாடுகள் மாறுவதற்கு 19. அந்தப் பட்டியலில் கிறிஸ்துமஸும் இருக்கிறது, 12 மதிப்பெண்ணோடு. எந்த இடமாற்றமும் இல்லாத வீட்டிலேயே பண்டிகை என்பது ஒரு பாரம்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் கூட்டிப் பார்த்து உங்கள் மனதை எடை போடச் சொல்லவில்லை. இத்தனையும் ஒரே நேரத்தில் உங்கள் தோளில் இருக்கிறது என்று உங்களுக்கு உறைக்க வேண்டும், அவ்வளவுதான். பாத்ரூமில் அழுததற்கு வெட்கப்படாதீர்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். மகளிடம் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் உண்மையை வாய்விட்டுச் சொன்னது அவள்தான். இந்த வருடம் வரப்போவது அவளுக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ் இல்லை. அதைத்தான் அவள் "வேண்டாம்" என்கிறாள். நீங்கள் "இல்லைம்மா, இங்கேயும் நல்லா இருக்கும் பாரு" என்று சொல்லச் சொல்ல, அவள் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்படும். ஒரு தடவை அவள் பக்கம் உட்கார்ந்து, "நீ சொல்றது சரிதான், இது அந்த கிறிஸ்துமஸ் இல்ல. எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதற்கு மேல் அறிவுரை வேண்டாம், ஆறுதலும் வேண்டாம்.

பதினான்கு வயதில் தோழிகள்தான் உலகம். பெரியவர்கள் முடிவு செய்த ஒரு பயணத்தில் அந்த உலகத்தை அவள் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள், பெரும்பாலான வீடுகளில் கேட்பதில்லை. இப்போது இங்கே சிரித்தால் அங்கே இருப்பவர்களுக்குத் துரோகம் செய்கிற மாதிரி அவளுக்கு இருக்கலாம். அவள் வயதுப் பிள்ளைகள் பலர் என்னிடம் சுற்றி வளைத்து இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பாலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர் 1970களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். இறந்து போனவருக்காக அழலாம், ஊரே கூடி அழவைக்கும். உயிரோடு நன்றாக இருக்கும் பாட்டியை, தோழியை, ஒரு வீட்டை இழந்ததற்கு எப்படி அழுவது? அவர்கள் போனில் தெரிகிறார்கள், பேசுகிறார்கள், ஆனால் பக்கத்தில் இல்லை. துக்கம் இருக்கிறது, துக்கத்துக்கு ஒரு சடங்கு இல்லை. உங்கள் வீட்டில் நாலு பேருக்குமே இதுதான் நடக்கிறது. மகள் அதைக் கோபமாகக் காட்டுகிறாள், மகன் கேள்வியாகக் கேட்கிறான், கணவர் ஒத்திப்போடுகிறார், நீங்கள் ஓடுகிறீர்கள்.

கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "விட்டுடலாம்" என்று அவர் சொல்வதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யாருடைய வேலைக்காகக் குடும்பம் கிளம்பி வந்ததோ, அந்த மனிதருக்கு வீட்டில் விழும் ஒவ்வொரு கண்ணீர்த் துளியும் தன்மேல் சுமத்தும் பழியாகத் தெரியும். மனைவி அழுதால் "நான்தான் கூட்டிவந்தேன்", மகள் கதவைச் சாத்தினால் "நான்தான் கூட்டிவந்தேன்". அதனால்தான் பண்டிகையே வராமல் போனால் தேவலை என்று இருக்கிறது. அவரிடம் பட்டியலை நீட்டாதீர்கள். "உங்களுக்கு அம்மாவைத் தேடுதா?" என்று ஒரு ராத்திரி கேளுங்கள். பதில் உடனே வராது. ஆனாலும் கேளுங்கள்.

அப்புறம், 24 இரவு அவருக்கு வேலை என்பதை ஒரு பெரிய முட்டுக்கட்டையாக நினைக்கிறீர்கள். தேதியை அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டாம். டிசம்பர் 25 என்ற தேதியே ரோமில் நான்காம் நூற்றாண்டில்தான் எழுத்தில் பதிவாகிறது. பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருக்கும் ரஷ்ய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்குக் கிறிஸ்துமஸ் இன்றைக்கும் ஜனவரி 7. அர்மேனிய அப்போஸ்தலிக்க சபைக்கு ஜனவரி 6. மேற்கத்திய சபைகளின் பழைய மரபிலும் கிறிஸ்துமஸ் ஒரு நாள் இல்லை, 25இல் தொடங்கிப் பன்னிரண்டு நாள் போய், ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளில்தான் முடியும். ஆகவே அவர் 25 பகல் முழுக்கத் தூங்கட்டும். பிள்ளைகளோடு நீங்கள் ஆராதனைக்குப் போய்வாருங்கள். உங்கள் வீட்டுப் பண்டிகை அன்று சாயங்காலம் அவர் எழுந்து குளித்துவிட்டு வந்தபிறகு தொடங்கட்டும். அன்றும் முடியாவிட்டால் 26. "அப்பா எழுந்ததும்தான் கிறிஸ்துமஸ்" என்று இன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்தால் அவர்கள் காத்திருப்பார்கள். அன்று காலையில் சொன்னால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

சரி, என்ன செய்வது, எதை விடுவது? இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், எளிமையானது. நாலு பேருக்கும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுங்கள். ஒரு பக்கத்தில், "இது இல்லாவிட்டால் எனக்கு கிறிஸ்துமஸ் இல்லை" என்று ஒரே ஒரு விஷயம். மறுபக்கத்தில், "இது இல்லாவிட்டால் எனக்கு நிம்மதி" என்று ஒரே ஒரு விஷயம். தனித்தனியாக எழுத வேண்டும், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. மகன் எழுதச் சிரமப்பட்டால் படம் வரையட்டும்.

முதல் பக்கத்தில் என்ன வரும் என்று பெரியவர்கள் நினைப்பதும் உண்மையில் வருவதும் வேறு வேறாக இருக்கும். பெற்றோர் மரம், பரிசு, விருந்து என்று எதிர்பார்ப்பார்கள். பிள்ளைகள் எழுதுவது வேறு. "இருட்டுல எழுப்பிவிடுவாங்களே, அது." "மாடிப்படியில எல்லாரும் வரிசையா உட்கார்ந்திருப்போம்." "அப்பா ஷேவ் பண்ற சோப்பு வாசனை." எல்லாம் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். இவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம், எந்த நாட்டிலும் செய்யலாம். மாடிப்படி உங்கள் புது வீட்டில் இல்லையென்றால், வேறு எங்காவது வரிசையாக உட்காருங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் பொருள்கள் யாருடைய சீட்டிலும் வரவில்லை என்றால், அவற்றுக்காக நீங்கள் இனி ஓட வேண்டாம்.

இரண்டாவது பக்கத்தை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். ஊர்ப் பண்டிகையில் எல்லாருக்கும் எல்லாமும் பிடித்திருக்காது. உங்கள் கணவருக்கு ஒரு மாமாவின் கேள்விகள் பிடிக்காமல் இருந்திருக்கலாம். மகளுக்கு எல்லார் முன்னாலும் பாடச் சொல்வது வெறுப்பாக இருந்திருக்கலாம். முப்பது பேருக்குச் சமைத்துவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருவது உங்களுக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நீங்கள்தான் எழுத வேண்டும். ஊரை நினைத்து ஏங்குகிற மனதுக்குள்ளேயே "அப்பாடா, இது இந்த வருஷம் இல்லை" என்ற நிம்மதியும் ஓரமாக இருக்கும். அது பாவம் இல்லை. அதையும் வெளியே சொல்ல இடம் கிடைத்தால் ஏக்கத்தின் பாரம் கொஞ்சம் குறையும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. எனக்குப் பதினொரு வயதில் நாங்களும் இப்படித்தான் வேறு நாட்டுக்குப் போனோம். முதல் கிறிஸ்துமஸுக்கு என் அம்மா உங்களைப் போலவே ஒன்றும் விடவில்லை. ஊரில் எந்த மணிக்கு எது நடக்குமோ, அந்த மணிக்கு அது நடந்தது. சாப்பாட்டு மேசையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை. அப்பா வலது கையில் ஒரு கடிகாரம், இடது கையில் ஒரு கடிகாரம் கட்டியிருந்தார். ஊர் நேரம் காட்டும் கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டார். அம்மா அதைக் கவனித்துவிட்டு எழுந்து உள்ளே போனார். அவர் தட்டில் எல்லாம் அப்படியே இருந்தது.

சாயங்காலம்தான் குடில் ஞாபகம் வந்தது. பொம்மைகளை அம்மா பழைய தமிழ்ச் செய்தித்தாளில் சுற்றி, சூட்கேஸின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கூடத்தில் நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு மேய்ப்பனுக்குக் கை உடைந்திருந்தது. தம்பி அதை ஒட்ட வைக்கப் பார்த்தான். அப்போது அப்பா கீழே கிடந்த ஒரு தாளை எடுத்து நீவி, அதில் இருந்ததை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஏழெட்டு மாதத்துக்கு முந்தைய செய்தி. அடுத்த தாளில் சினிமா விளம்பரம். இன்னொன்றில் பாதி கிழிந்த நீத்தார் அறிவிப்பு, யாரென்றே தெரியாத ஒரு பெரியவர். அம்மா உள்ளேயிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அதுக்கு மேல என்ன போட்டிருக்கு, படிங்க" என்றார். கிழிந்த இடத்தில் வார்த்தை பாதியில் நின்றால் ஆளுக்கொரு விதமாக முடித்தோம். தம்பி சொன்னதற்கு அம்மா சிரித்தார். அந்த நாட்டுக்கு வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்து அழுதார், அப்பாவும் அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் மேல் சாய்ந்துகொண்டோம். குடில் பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பண்டிகை முழுக்க விளக்கு இல்லாத தொழுவத்துக்குள் கை உடைந்த ஒரு மேய்ப்பன் மட்டும்தான் நின்றான். அடுத்த வருடம் குடிலை எடுத்து வைக்கும்போது அப்பா அந்தத் தாள்களையே மறுபடியும் படித்தார். அந்தப் பொம்மைகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன, அதே தாள்களுக்குள்.

இப்படி ஒன்றை யாரும் திட்டம் போட்டு உண்டாக்க முடியாது. அதற்கு நாலு பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு மணி நேரம் வேண்டும். உங்கள் அட்டவணையில் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீடியோ காலுக்கு வருகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் கஷ்டத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. பண்டிகை நாளில் அங்கே ஒரு போன் முப்பது பேர் கை மாறும். ஒவ்வொருவரும் உங்கள் மகளிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எப்படி இருக்கே? அந்த ஊர் பிடிச்சிருக்கா?" அவள் முப்பது தடவை பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் முப்பது பேரையும் வருத்தப்பட வைக்க வேண்டும். போன் தன் பக்கம் திரும்பியதும் அவள் எழுந்து போய்விட்டால், அது இதனால்தான். பின்னணியில் கேட்கும் இரைச்சலும் சிரிப்பும் வேறு, இங்கே இருக்கும் அமைதியைப் பெரிதாக்கிக் காட்டும்.

அதனால் கூட்டம் கூடும் நேரத்தில் பேசாதீர்கள். 24ஆம் தேதி பகலிலேயே, மாமியார் தனியாக அடுப்படியில் வேலையாக இருக்கும் நேரம் பார்த்து அழையுங்கள். போனை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு அவர் வேலையை அவர் செய்யட்டும், உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அழுகைதான் வரும். கை வேலையாக இருந்தால் பேச்சு வரும். "அத்தை, இதுக்கு எவ்வளவு நேரம் அடுப்புல இருக்கணும்?" என்று கேளுங்கள், அவரிடம் கேட்கவும் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும். பேரனுக்கு அவன் அப்பாவின் சின்ன வயது கிறிஸ்துமஸ் ஒன்றைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். 25 அன்று ஒரு சின்ன வாழ்த்து போதும், பத்து நிமிஷம். அவர் அழுதால் "அழாதீங்க அத்தை" என்று அவசரப்பட்டு அடக்க வேண்டாம். "எங்களுக்கும் தேடுது" என்று சொல்லுங்கள். உங்கள் கண்ணீரைக் கண்டு அவர் உடைந்துபோய்விடுவார் என்று நீங்கள் பயப்படலாம். பேரப்பிள்ளைகள் தன்னை மறந்துவிடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று அவருக்குக் கிடைக்கப் போவதில்லை.

இன்னும் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னெட் என்ற இருவர் 1984இல் குடும்பச் சடங்குகளை மூன்றாகப் பிரித்து எழுதினார்கள். பண்டிகைகள், அந்தந்தக் குடும்பத்துக்கே உரிய வழக்கங்கள், பிறகு அன்றாடம் திரும்பத் திரும்ப நடப்பவை. சேர்ந்து சாப்பிடுவது, படுக்கும் முன் ஜெபிப்பது, வேலையில் இருந்து வருபவரைக் கதவு வரைக்கும் போய் வரவேற்பது போன்றவை மூன்றாவது வகை. நாடு மாறும்போது முதலில் நொறுங்குவது இந்த மூன்றாவது வகைதான். வேலை நேரம் மாறும், பள்ளி நேரம் மாறும், இருட்டும் நேரம்கூட மாறும். ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடப் பழகிவிடுவோம். இப்படி அன்றாடம் ஆட்டம் கண்டிருக்கும் வீட்டில், குடும்பத்தைத் தாங்கும் மொத்த பாரமும் ஒரே ஒரு பண்டிகை நாள்மேல் வந்து விழும். எந்த நாளும் அதைத் தாங்காது. அதனால் பண்டிகைக்கு முன்னால் இருக்கும் நாட்களில் வாரத்துக்கு மூன்று வேளையாவது நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு நேரத்தைக் கண்டுபிடியுங்கள். அது காலைச் சாப்பாடாக இருந்தாலும் சரி. படுக்கும் முன் ஒரு ஜெபம், ஒரு மெழுகுவர்த்தி, மூன்று நிமிஷம். மகள் வரவில்லை என்றால் அவள் அறை வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள், கதவு சாத்தியிருந்தாலும் அவளுக்குக் கேட்கும்.

வெளியுலகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆராதனைக்கு 24 அல்லது 25 அன்றுதான் முதல்முறையாகப் போவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பண்டிகைக் கூட்டத்தில் யாருக்கும் யாரையும் கவனிக்க நேரம் இருக்காது. அதற்கு முன்னால் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள், ஒரு முகமாவது பழகியிருக்கும். நம் மொழிச் சபை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பது போதும், மெட்டு தெரிந்த பாட்டு ஒன்றாவது இருக்கும். சில நாடுகளில் 25 அன்று கடைகளும் பேருந்தும் அடியோடு நின்றுவிடும். சில நாடுகளில் 24 இரவுதான் முக்கியமான நேரம், தெருவே காலியாக இருக்கும். உங்கள் ஊரில் எப்படி என்று பக்கத்து வீட்டில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியே ஒரு பழக்கத்துக்கு வழி திறக்கும். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் "ஒரு மணி நேரம் இருப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள்.

பரிசுகளை அள்ளிக் குவிக்க வேண்டாம். முதல் வருடத்தில் குற்ற உணர்ச்சியில் செலவு செய்துவிட்டு, ஜனவரியில் வாடகைக்குத் திணறும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளும் எதற்காக இவ்வளவு என்று புரிந்துகொள்வார்கள், அது அவர்களைச் சங்கடப்படுத்தும்.

நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சாதாரணமாக விடாதீர்கள். வடகோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22தான் வருடத்திலேயே குறுகிய பகல். வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு மட்டும் வரும் மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசந்தாலும் அவருடைய சகாக்களும் விவரித்து எழுதினார்கள், இன்று அது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட ஒன்று. பகலில் வெளிச்சம் இருக்கும்போது அரைமணி நேரமாவது வெளியே நடங்கள், மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. இரவு வேலை பார்க்கும் கணவருக்கு இது இன்னும் அவசியம், அவர் வெயிலையே பார்க்காமல் வாரங்கள் ஓடிவிடும்.

பண்டிகை முடிந்த பிறகும் மகளிடம் கவனம் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தொடர்ந்து தூக்கம் கெட்டாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, குடும்ப மருத்துவரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுங்கள். "செத்துப்போகலாம் போல இருக்கு" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். இந்த அளவுகோல் உங்களுக்கும் கணவருக்கும்கூடப் பொருந்தும். இப்போது நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இனி, உங்கள் மகன் கேட்ட கேள்வி. ஏழு வயதுப் பையன் அந்தத் தாத்தாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. "என்னைத் தேடி வருகிறவர்களுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியுமா?" என்று கேட்கிறான். "கண்டிப்பா தெரியும்டா" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். "தெரியலையே, நாமளே எழுதிச் சொல்லிடுவோமா?" என்று கேளுங்கள். ஒரு தாளைக் கொடுத்து, புது வீட்டு முகவரியை அவன் கையாலேயே எழுத வையுங்கள். கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அக்காவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பண்டிகையில் கலந்துகொள்ள மாட்டேன் என்றிருப்பவள்கூடத் தம்பியின் எழுத்துப்பிழையைத் திருத்த வந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதே முகவரியை இன்னொரு தாளில் எழுதிப் பாட்டிக்கும் தபாலில் அனுப்பட்டும். போனில் அனுப்ப வேண்டாம், தபாலிலேயே போகட்டும். பண்டிகைக்குள் போய்ச் சேராவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, உங்கள் சீட்டு. மற்ற மூன்று பேருடையதையும் வாங்கி, படித்து, "சரி, இதையெல்லாம் செய்துவிடலாம்" என்று அடுப்படிக்குப் போய்விடுவீர்கள், உங்களுடையது காலியாகவே கிடக்கும் என்று நினைக்கிறேன். அதனால் உங்கள் சீட்டை நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். வீட்டில் எல்லாரும் தூங்கியபிறகு, அந்தப் பட்டியலை எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். இரண்டு பக்கமும் எழுதுங்கள். எழுதியதைக் கணவர் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள்.

முடிந்தால் அதில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்பநல ஆலோசகர்